பத்துமலைக்கு நடக்கும் பாதங்கள்



தைப்பூசம் நெருங்கிவிட்டால் லயங்களிலும் தாமான் வீடுகளிலும் ஒரே பேச்சுத்தான். யார் பால்குடம், யார் காவடி, யார் நடந்து போவதாக வேண்டியிருக்கிறார்கள் என்று சாயங்கால வேளையில் வாசலில் கூடிப் பேசிக்கொள்கிறோம். நடந்து போகிறவர்களுக்காகவே இந்த மாதக் கடிதம். அவர்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை வியாதி உள்ளவர்களும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டுங்கள்.

தலைநகரில் ஜாலான் துன் எச்.எஸ். லீயிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1873-ஆம் ஆண்டு தோன்றியது. தைப்பூசத்தை ஒட்டி இரவில் அங்கிருந்து புறப்படும் வெள்ளி ரதம், ஜாலான் ஈப்போ வழியாக மறுநாள் பத்துமலையை அடைகிறது. தூரம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். தனியாக நடந்தால் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். ரதத்தோடு கூட்டத்தில் போனால் இரவு முழுவதும் போய்விடும். அதன் பிறகுதான் 272 படிகள். இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் புறப்பட வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது ஆற்றுக்கு மட்டுமல்ல, நெடும் பாதைக்கும் பொருந்தும்.

"நாங்கள் தினமும் காட்டில் நடப்பவர்கள்தானே சார், எங்களுக்கு 15 கிலோமீட்டர் என்ன பெரிது?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் பால்வெட்டில் நாம் விடியற்காலையில், மர நிழலில், மண் தரையில், மரத்துக்கு மரம் நின்று நின்று நடக்கிறோம். தார்ச் சாலை அப்படியல்ல. தரை கடினம். கால் ஒரே மாதிரியாக ஆயிரக்கணக்கான முறை அதே இடத்தில் அழுந்துகிறது. வெயில் ஏறினால் தார் கொதிக்கும். காட்டு நடை நெஞ்சுக்கு வலுக் கொடுக்கும். பாதத்தைத் தாருக்குப் பழக்காது.

ஆகவே எட்டு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் மூன்று நாள், நாளுக்கு 3 கிலோமீட்டர். பிறகு வாரத்துக்கு 1 கிலோமீட்டர் கூட்டினால் எட்டாம் வாரம் 10 கிலோமீட்டர் ஆகும். 400 மீட்டர் ஓட்டப்பாதை உள்ள பள்ளித் திடலில் 10 சுற்று என்பது 4 கிலோமீட்டர். கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அவர்கள் சுற்றை எண்ணட்டும். எந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போகப் போகிறீர்களோ, அதே சப்பாத்தோடு பழகுங்கள். பெருநாளுக்கு வாங்கிய புதுச் சப்பாத்து அன்றைக்கு வேண்டாம். வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸும் வேண்டாம், உள்ளே வேர்த்துத் தோல் ஊறிவிடும். மாற்றுக் காலுறை இரண்டு சோடி பையில் இருக்கட்டும். ஈரமானதும் மாற்றுங்கள்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து லயத்தில் ஓர் அம்மா இருந்தார். பல வருடங்களாகச் சர்க்கரை வியாதி. மகனுக்கு வேலை கிடைக்க வேண்டிக்கொண்டு, வெறுங்காலோடு நடந்தார். பகல் வெயிலில் தார்ச் சாலையில் கடைசிப் பகுதியை முடித்தார். மற்றவர்கள் சூடு தாங்காமல் துள்ளியபோது அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. "முருகன் என் காலுக்குக் குடை பிடித்தான்" என்று எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் பேத்தி பார்த்தாள். "பாட்டி, உங்க காலைப் பாருங்க!" பாதம் முழுவதும் வெந்து கொப்புளம். அது ஆறவில்லை. சீழ் வைத்து, கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த அம்மாவின் பக்தியில் குறையில்லை. முருகன் அருளைப் பற்றிப் பேச நான் யார்? ஆனால் ஒன்று தெரியும். சர்க்கரை வியாதி நாளாக ஆகக் காலின் நரம்புகளைக் கெடுத்து, உணர்ச்சியைக் குறைத்துவிடும். சூடு தெரியாது, முள் தெரியாது, கல் தெரியாது. வலி தெரியாத கால் பலமான கால் அல்ல, காவல் இல்லாத கால்.

உங்கள் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பெரியவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். பேரப்பிள்ளை தன் விரல் நுனியால் பாட்டியின் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை மெதுவாகத் தொடட்டும். ஒவ்வொன்றையும் ஒன்றிரண்டு விநாடி தொட்டால் போதும். அழுத்தக் கூடாது. இரண்டு காலுக்கும் சேர்த்து ஆறு இடம். இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், நடைக்கு முன் கிளினிக்குக்குப் போய்க் காலைக் காட்டுங்கள். முன்பு தோட்ட ஆஸ்பத்திரியில் டிரேசர் இருந்தார், போகிற வழியில் கேட்டுவிடலாம். இப்போது பல தோட்டங்களில் அந்த ஆஸ்பத்திரியே இல்லை. அதனால் நாமே முன்கூட்டிப் போக வேண்டும்.

வெறுங்காலோடு நடப்பதாக வேண்டியவர்கள் என்ன செய்வது? காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மலையடிவாரம் வரை காலுறையும் சப்பாத்தும் அணிந்து நடங்கள். படியேறும் முன் கழற்றி, சன்னதிக்குப் போய்வந்ததும் காலைத் துடைத்துப் பார்த்து மறுபடி அணியுங்கள். படியும் வெயிலில் சுடும் என்பதால் இரவிலோ அதிகாலையிலோ ஏறுங்கள். சப்பாத்தைப் பார்த்து வரம் கொடுக்கும் சாமி நம் முருகன் அல்ல.

அடுத்து விரதம். ஒரு வேளை உணவோடு விரதம் இருப்பவர், சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல எடுத்துக்கொண்டு நடந்தால், இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். எனவே விரதம் தொடங்கும் முன்பே மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தானாக நிறுத்தவும் வேண்டாம், தானாகக் கூட்டவும் வேண்டாம். உடன் நடப்பவர் திடீரென்று வேர்த்து நடுங்கினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-க்குக் கூப்பிடுங்கள்.

தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை தள்ளிப்போடக் கூடாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் கிண்ணம் குடியுங்கள். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் உண்டு. ஆனால் பந்தலில் கிடைப்பது பெரும்பாலும் இனிப்புப் பானம், சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறும் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். இருதய, சிறுநீரக வியாதி உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். தானே உடைந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, தோலைப் பிய்க்காமல், சுத்தமான துணியால் மூடுங்கள். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சிறு கொப்புளம் வந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுவது நல்லது.

கூட்டமாகப் போனால் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், வேகமானவர் பின்னால் வரட்டும். பிள்ளைகளின் சட்டைப் பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று முன்பே பேசுங்கள். 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலையின் அடியில் என்று எல்லாரும் சொல்வார்கள். அங்கேதான் கூட்டமும் அதிகம், வேறு இடம் பாருங்கள். திரும்பி நடக்க வேண்டாம், 2010 முதல் பத்துமலை வரை கொமியூட்டர் ரயில் ஓடுகிறது.

வீடு திரும்பிய அன்றும், அடுத்த ஒரு வாரமும், தினம் ஒருமுறை குடும்பத்தில் ஒருவர் பெரியவரின் இரு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கையும் விடாதீர்கள். பெரியவர்கள் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், காலைப் பாருங்கள்.

அடுத்த வருடமும் அதே கால்களோடு நடந்து போய் அவன் படியேற வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். முருகன் துணை.