கைப்பேசியும் நம் பெற்றோரும்

கைப்பேசியால் கெடுபவர்கள் மாணவர்களே என்று பட்டிமன்றங்கள் முழங்குகின்றன. நண்பர்களே, நம் வீடுகளைச் சற்று நோக்குங்கள்! நள்ளிரவு வரை காணொளிகளில் மூழ்கி உறக்கம் இழப்பவர்கள் வயதான நம் பெற்றோரும் அல்லவா?

அவர்களை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையம் மலிந்தது. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே ஓடும்படி யூடியூப் அமைந்திருக்கிறது.

'பிடுங்கி வைத்துவிடு' என்பாருமுண்டு. நெய்யூரில் இருந்துகொண்டு, வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனின் முகத்தை ஒரு தாய் காண்பது அந்தக் கருவியில்தானே? அதை எப்படிப் பறிப்பது?

ஆயினும் வாளாவிருக்கவும் இயலாது. முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என்னைப் போன்றோரின் வீடுகளில், எழுத்தில் வந்ததெல்லாம் உண்மை என்னும் நம்பிக்கை ஆழமானது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம், சாமி கும்பிட வந்த மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றது. அதன் பின்னரே, அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இந்தியாவில் அந்நிறுவனம் தடை விதித்தது.

பறிப்பதைவிடக் கற்பிப்பதே நம் கடமை என்பேன். காணொளி தானே ஓடுவதை நிறுத்திக் கொடுப்போம். வேண்டாத குழுக்களின் ஓசையை அடக்குவோம். எதையும் பிறருக்கு அனுப்புமுன் 'இதைச் சொன்னவர் யார்?' என்று கேட்கப் பழக்குவோம். இரவு உணவு வேளையில் முதலில் நம் கைப்பேசியை அணைத்துவிட்டு அவர்களோடு பேசுவோம். பேச ஆளில்லாத வெறுமையைத்தானே அந்தக் கருவி நிரப்புகிறது! கற்ற கல்வி வீட்டுக்கும் பயன்படட்டும்.