கேத்தலின் அடியில் எழுதியிருக்கிற கணக்கு



போன நோன்பில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் சஹர் நேரம் மல்டி பிளக் உருகிப்போனது. சுவரில் கறுப்பு, வீடு முழுக்க பிளாஸ்ரிக் எரிந்த மணம். உம்மா ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிற்பாட்டியதால் அதோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். கேத்தலும் றைஸ் குக்கரும் அந்த ஒரு வயரில்தான் ஓடியிருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளை சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவன். எங்களிடம் படித்தவன். வலு என்றால் அழுத்த வித்தியாசத்தை ஓட்டத்தால் பெருக்குவது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்.

அதனால் பிள்ளையைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. 12 வோல்ற்று, 2 அம்பியர், தடை எவ்வளவு என்று கரும்பலகையில் கேட்கிறோம். 6 ஓம் என்று எழுதுகிறார்கள். சரி போடுகிறோம், மணி அடிக்கிறது. அந்த 12 வோல்ற்று எந்த வீட்டில் இருக்கிறது?

பிளக்கைக் கழற்றி, தண்ணீரை ஊற்றிவிட்டு, கேத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள். 230 வோல்ற்று, 2000 வாற்று என்று இருக்கும் (சிலதில் கொஞ்சம் கூடக் குறைய). 2000ஐ 230ஆல் பிரித்தால் 8.7 அம்பியர். 230ஐ அந்த 8.7ஆல் பிரித்தால் தடை ஏறக்குறைய 26 ஓம். றைஸ் குக்கர் 700 வாற்று என்றால் அது 3 அம்பியர். இரண்டும் சேர்ந்தால் 11.7. சுவரில் இருக்கிற 13 அம்பியர் பொயின்ற் இதைத் தாங்கும், அதன் எல்லை 3000 வாற்றுக்குக் கிட்ட. ஆனால் உருகின வயரோ பழைய 5 அம்பியர் உருண்டைக்கால் பிளக் போட்டது, மேலே ஒரு அடப்டர். 5ஐ 230ஆல் பெருக்கினால் 1150 வாற்று. அந்த வயருக்குக் கேத்தல் ஒன்றே கூடுதல்.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில்: "ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே, அது விழுந்திடும்." விழாது. ட்ரிப் பார்ப்பது கசிவை. போன கரண்ட் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்து, 30 மில்லிஅம்பியர் அளவு குறைந்தால் விழும். ஒருவருக்கு ஷொக் அடித்தால் உயிரைக் காப்பது அதுதான், கட்டாயம் வேண்டும். ஆனால் கேத்தலுக்குப் போன 8.7 அம்பியரும் ஒழுங்காகத் திரும்பி வருகிறதே, அதற்கு ஏன் விழ வேண்டும்? அதிக சுமைக்கு விழுவது பக்கத்தில் இருக்கிற சின்ன பிரேக்கர்கள். அவை 16, 20 அம்பியருக்குப் போட்டவை என்றால் 11.7ஐக் கண்டு அசையாது. மெல்லிய வயர் சூடாவது அவற்றுக்குத் தெரியாது.

இன்னும் மோசமானது இளகின பொயின்ற். தொடுகிற இடத்தில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். அரை ஓம் ஒரு பெரிய காரியமா என்று கேட்கத் தோன்றும். ஓட்டத்தை ஓட்டத்தால் பெருக்கி, பிறகு தடையால் பெருக்கிப் பாருங்கள். அந்த அரை ஓமும் சேர்ந்து ஓட்டம் 8.5 ஆகக் குறைந்தாலும், அந்த ஒரு புள்ளியில் 36 வாற்று வெப்பம் நிற்கிறது. ரேடியோ திருத்துகிற கடையில் ஈயம் உருக்குகிற சோல்டரிங் அயன் ஏறத்தாழ அவ்வளவுதான். அதைப் பிளாஸ்ரிக்குக்குள் வைத்துவிட்டு நாங்கள் சஹர் சாப்பிடுகிறோம். சுன்னாகத்துக்கு 132,000 வோல்ற்றில் கரண்ட் கொண்டுவருவதும் இதே கணக்குக்காகத்தான். அழுத்தத்தைக் கூட்டினால் அதே வலுவுக்கு ஓட்டம் குறையும். ஓட்டம் பாதியானால் வயரில் வீணாகிற வெப்பம் காலாகும்.

பிள்ளைகள் வழமையாகப் பிழை விடுகிற இடம் ஒன்றும் உண்டு. லைன் 200 வோல்ற்றுக்கு இறங்கினால் கேத்தல் எத்தனை அம்பியர் எடுக்கும்? நல்ல பிள்ளைகளே 2000ஐ 200ஆல் பிரித்து 10 என்று எழுதுவார்கள். கேத்தலில் மாறாதது தடை, வலு அல்ல. ஓட்டம் 7.6 ஆகக் குறையும், வலு 1500 அளவுக்கு வரும், தண்ணீர் கொதிக்கப் பிந்தும். அவ்வளவுதான். தண்ணீர் மோட்டர், பிரிட்ஜ் இப்படி இல்லை. அவை கூட இழுத்துச் சூடாகும், அதனால்தான் லோ வோல்ற்றேஜில் மோட்டர் எரிகிறது.

எங்கள் பக்கத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய காரணம் உங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் விட்டுப்போன வீடுகளுக்கு 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினோம். கையில் காசு வந்தபோது ஒரு அறை, பிறகு ஒரு அறை என்று கட்டினோம். வயரிங்கும் அப்படியே துண்டு துண்டாக நடந்தது. குசினிக்கு ஒரே ஒரு பொயின்ற், மற்றதெல்லாம் எக்ஸ்டென்ஷன். எர்த் இல்லாத வீடும் உண்டு. புதிதாக ரைல்ஸ் பதிக்கக் காசு தேடுகிற நாங்கள், குசினிக்குத் தனி வயர் இழுக்க யோசிக்கிறோம். இது எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லுகிறோம்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள். நோன்புக்கு முன் சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற காசில் ஒரு பங்கை எடுத்து, அனுமதிப்பத்திரம் உள்ள ஒரு எலக்ட்ரீஷியனை இரண்டு நாள் வைத்து, வசதி குறைந்த வீடுகளின் குசினிப் பொயின்ற்களைப் பார்ப்பிக்கலாம்.

எங்கள் பங்குக்கு, இந்தத் தவணை தரம் 10, 11 பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுத்திருக்கிறோம். வீட்டில் இருக்கிற ஐந்து சாமானின் வாற்றை எழுதி, ஓட்டத்தையும் தடையையும் கண்டு, எது எந்தப் பொயின்றில் ஓடுகிறது என்று கீறிக்கொண்டு வர வேண்டும். உங்கள் பிள்ளை கேத்தலைக் கவிழ்த்துப் பார்த்தால் ஏசாதீர்கள். சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் மல்டிமீற்றரோடு இருப்போம், இன்ஷா அல்லாஹ். சந்தேகமான எக்ஸ்டென்ஷன் வயர் இருந்தால் கொண்டு வாருங்கள்.