போவது யார் என்பதே நமக்குக் கணக்கு

மழையைப் பார்த்து மிளகாய் வத்தலின் கொள்முதலை முடிவு செய்கிறோம். முகூர்த்த நாட்களைப் பார்த்து அரிசி, பருப்பு, எண்ணெய் இருப்பு வைக்கிறோம். ஆனால் வெளிநாடு போவோர், வருவோர் கணக்கை விமானக் கம்பெனிகளின் விஷயம் என்று வணிகர்களில் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பலசரக்குக் கடை வைத்திருப்போருக்கு அந்தக் கணக்கு மிக அவசியமானது என்பதே நமது கருத்து.

1991ஆம் ஆண்டில் நம் நாட்டிலிருந்து வெளிநாடு சென்ற இந்தியர் சுமார் 19 லட்சம். 2024இல் அது 3 கோடியைத் தாண்டிவிட்டது. ஒருவரே இரண்டு முறை போனால் இரண்டாக எண்ணப்படும் கணக்கு இது. வேலைக்குப் போவோர், படிக்கப் போவோர், சுற்றிப் பார்க்கப் போவோர் அனைவரும் இதில் அடக்கம். இங்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளோ 2019இல் 1 கோடியே 9 லட்சம் பேர். 2024இல் ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவு. ஆக, வருவோர் ஒருவர் என்றால் போவோர் மூவர். வெள்ளைக்காரப் பயணிகளை நம்பி நம் ஊர்ப் பலசரக்குக் கடை நடக்கவில்லை. நம்மைப் பாதிப்பது போகிறவர்களின் கணக்குதான். அதிலும் எத்தனை பேர் போகிறார்கள் என்பதைவிட, போவது யார் என்பதே முக்கியம்.

அந்தக் காலத்தில் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்களில் பலர் குடும்பத்தை ஊரிலேயே விட்டுச் சென்றனர். 1970களுக்குப் பிறகு துபாய், குவைத், சவுதி என்று போன தொழிலாளிகளும் அப்படியே. ஆள் அங்கே, அடுப்பு இங்கே. மாதாமாதம் பணம் வரும். மளிகைச் சிட்டையும் நம் கடைக்கு வரும்.

இப்போது போகிறவர்களில் பலர் படித்த பிள்ளைகள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கனடாவிலும் வேலை கிடைத்தால் மனைவி மக்களையும் அழைத்துக்கொள்கிறார்கள். பேரக்குழந்தை பிறந்தால் பெற்றோரும் ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறார்கள். ரிசர்வ் வங்கியின் ஆய்வும் இந்த மாற்றத்தைக் காட்டுகிறது. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பணத்தில் வளைகுடா நாடுகளின் பங்கு 2016-17இல் 47 சதவீதம் அளவில் இருந்தது. 2023-24இல் 38 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அமெரிக்காவின் பங்கு மட்டும் 28 சதவீதத்தை நெருங்குகிறது. அதாவது, ஆளோடு அடுப்பும் சேர்ந்து போகிறது. வீட்டில் மிஞ்சுவது வயதான இருவர். ஐம்பது உருப்படி இருந்த சிட்டை பதினைந்து உருப்படியாகச் சுருங்குகிறது.

இந்த இரு வகைக் குடும்பத்தாரையும் நாம் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

வளைகுடாக் குடும்பங்களில் கவனிக்க வேண்டியது பற்று. "அவர் துபாயில் இருக்கிறார், பணம் எங்கே போய்விடும்?" என்று கணக்கில்லாமல் பற்று எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. 1990 ஆகஸ்டில் குவைத்தை ஈராக் பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கையில் கிடைத்ததோடு விமானத்தில் ஊர் திரும்பினார்கள். 2020 மார்ச் 23 முதல் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. வழக்கமான போக்குவரத்து திரும்ப 2022 மார்ச் 27 ஆயிற்று. விடுமுறைக்கு வந்தவர் திரும்பிப் போக முடியவில்லை. அங்கிருந்தவருக்குச் சம்பளம் இல்லை. சில்லறைக் கடைக்காரரிடம் பாக்கி நின்றால் அது மொத்தக் கடையிலும் வந்து நிற்கும். நம் பேரேட்டில் இன்னும் தீராத சில பக்கங்கள் அந்த நாட்களைச் சேர்ந்தவை.

ஆகவே ஒரு மாதச் சிட்டைக்கு மேல் பற்று வேண்டாம். முதல் மாதம் தீர்ந்த பிறகே இரண்டாம் மாதம். வெளிநாட்டில் அவர் வாங்கும் சம்பளத்தைக் கேட்டுப் பற்று வைக்காமல், இங்கே அந்த வீட்டார் ஒழுங்காகக் கட்டிய தொகையைப் பார்த்து வைக்க வேண்டும். அதே சமயம், பணம் தடைப்பட்ட வீட்டுக்கு அரிசி பருப்பை நிறுத்துவதும் வணிக தர்மம் ஆகாது. வரம்பு முன்பே இருந்தால் ஆபத்துக் காலத்தில் உதவவும் நம் கையில் சரக்கு இருக்கும்.

முதியோர் மட்டும் இருக்கும் வீடுகளில் அபாயம் வேறு. பிள்ளை அமெரிக்காவிலிருந்தே இணையவழி நிறுவனத்தில் சாமான் போட்டுவிட்டால், முப்பது வருட வாடிக்கை ஒரே நாளில் போய்விடும். கால் கிலோ, அரைக் கிலோ என்றாலும் முகம் சுளிக்காமல் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பில்லைக் கைப்பேசியில் பிள்ளைக்கு அனுப்பலாம். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, சிங்கப்பூர், அமீரகம் உள்ளிட்ட பத்து நாடுகளின் கைப்பேசி எண்ணிலிருந்தே யுபிஐ வழியாகப் பணம் செலுத்த 2023இல் அனுமதி கிடைத்தது. வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு இருந்தால் போதும்.

ஆடிப்பூரத் தேரை ஒட்டிய மாதங்களில் வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை. ஆண்டாள் சன்னிதிக்கு வரும் குடும்பங்கள் திரும்பும்போது வத்தல், அப்பளம், சாம்பார்பொடி, பால்கோவா கட்டிக்கொண்டு போகின்றன. நாம் பொட்டலமிட்டு விற்கும் பொடிக்குப் பெயர், எடை, பொதிந்த தேதி, விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்டிருக்க வேண்டும். இது சட்டம்; வாங்குபவரின் நம்பிக்கையும் இதில்தான் இருக்கிறது. பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமை. ஆனால் பயணிகள் கையில் பால் பொருள் கொண்டுவர இங்கிலாந்திலும் ஐரோப்பிய நாடுகளிலும் தடை உண்டு.

அதைவிட முக்கியம் கசகசா. நமக்கு அது சமையல் சாமான். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் போதைப்பொருள் கணக்கில் சேரும் தடைப் பொருள். குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் அதே நிலைதான். அறியாமல் எடுத்துச் சென்றவர் சிறைக்குப் போக நேரும். பயணத்துக்கென்று சாமான் வாங்குவோரிடம் எந்த நாட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்டு இதைச் சொல்வது கடைக்காரரின் கடமை. நூறு கிராம் விற்பனை போகலாம். அந்தக் குடும்பத்தின் நன்றி தலைமுறைக்கும் நிற்கும்.

பற்று வரம்பையும் பொட்டல விதிகளையும் குறித்து இரு ஊர்ச் சங்கங்களும் கூடி உறுப்பினர்களுக்கு விளக்கக் கூட்டம் நடத்த வேண்டுகிறோம். போகிறவர்களை நம்மால் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். அவர்கள் வீட்டுச் சிட்டை நம் கடைக்கே வரும்படி பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.