ஃபார்மோசாவின் பொய்மொழியும் மெய்மொழியும்

கற்பனை நாடுகளைப் பற்றிய ஆய்வரங்குகளில் ஜார்ஜ் சல்மனசாரின் பெயர் எழுந்தாலே சிரிப்பும் எழுகிறது. அச்சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை.

பிரான்சில் பிறந்தவராகக் கருதப்படும் இவர், தம்மை ஃபார்மோசாத் தீவினர் என்று கூறிக்கொண்டு 1704இல் இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். ஃபார்மோசா என்பது இன்றைய தைவான். தாம் கண்டேயிராத அத்தீவுக்கு நகரங்களையும், யானைகள் சுமக்கும் பல்லக்குகளையும், மிதக்கும் ஊர்களையும், தனி எழுத்தையும் இலக்கணத்தையும் படைத்தளித்தார். சிங் பேரரசின் ஆட்சியிலிருந்த தீவை ஜப்பானுக்கு உரியது என்றார். சீனத்தில் வாழ்ந்து திரும்பிய இயேசு சபைத் துறவி ஃபோன்தனே நேருக்கு நேர் மறுத்தும், நூல் மறுபதிப்புக் கண்டது.

இதை ஒரு புரட்டரின் சாமர்த்தியமாக மட்டும் படிப்பது போதாது. ஃபார்மோசாவின் மெய்யான மொழியொன்று அதற்கு முன்பே ஐரோப்பாவில் அச்சேறியிருந்தது. டச்சுப் பாதிரியார் டேனியல் கிராவியுஸ் சிராயா மொழியில் பெயர்த்த மத்தேயு நற்செய்தி 1661இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதைப் பொய்யிலக்கணத்தின் அருகே வைத்துப் பார்த்திருந்தால் போதும். ஆனால் சல்மனசாரின் மொழி ஒழுங்காக இருந்தது, எளிதில் விளங்கியது. ஒழுங்கைச் சான்றென்று கொள்ளும் பழக்கம் நம்மிடமும் உண்டு (நான் எழுதிய முதல் கட்டுரையே சாட்சி).

சிராயா பின்னர் பேச்சுவழக்கிழந்தது. இன்று அம்மக்கள் அதை மீட்டெடுக்க முனைகையில் பெரிதும் துணைநிற்பது கிராவியுசின் நூலே. நம் துறைகளில் சல்மனசாருக்கு ஒரு வகுப்பை ஒதுக்குவோர், அடுத்த வகுப்பிலேனும் சிராயாப் பக்கமொன்றை மாணவர்முன் வைக்கலாமே.