சட்டையின் பங்கு எவ்வளவு?

வலுதூக்கும் போட்டியின் சாதனைப் பட்டியலைப் புரட்டுகிற எவரையும் இரண்டு எண்கள் திகைக்க வைக்கும். ஒன்று 355 கிலோ, மற்றது 635.4 கிலோ. இரண்டுமே பெஞ்ச் பிரஸ் முறையில், அதாவது மல்லாந்து படுத்து, எடைக் கம்பியை மார்பில் படும்வரை இறக்கி, கைகள் நிமிரும்வரை உயர்த்தித் தூக்கப்பட்டவை. முதல் எடையை 2021இல் தூக்கியவர் ஜூலியஸ் மேடாக்ஸ். இரண்டாவதை 2023இல் தூக்கியவர் ஜிம்மி கோல்ப். இருவருமே அமெரிக்கர்கள். கோல்ப் இதற்கென்றே தயாரிக்கப்படும் விறைப்பான பெஞ்ச் சட்டை அணிந்திருந்தார், மேடாக்ஸ் அணியவில்லை. இடையில் இருக்கிற 280 கிலோவை யார் கணக்கில் எழுதுவது? மனிதன் கணக்கிலா, சட்டையின் கணக்கிலா?

ஒலிம்பிக்கில் இடம்பெறும் பளுதூக்குதல் வேறு, இது வேறு. தோளில் எடையைச் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் டெட்லிஃப்ட் ஆகிய மூன்றும் சேர்ந்ததே வலுதூக்குதல். இதற்கான சர்வதேச சம்மேளனம் 1972இல் உருவானது. முழங்காலைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டியும் இடுப்பு பெல்ட்டும் நெடுங்காலமாகவே புழக்கத்தில் இருந்தன. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஜான் இன்சர் பெஞ்ச் சட்டையைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை தலைகீழானது. 2004இல் ஜீன் ரிச்லக் இத்தகைய சட்டையுடன் 1,000 பவுண்டைத் தாண்டினார். முந்தைய தலைமுறை கனவிலும் நினைத்திராத எடை அது.

சட்டை செய்யும் வேலை எளிமையானது. அதன் கைகள் உடலுக்கு முன்புறமாக நீட்டிய நிலையில் தைக்கப்பட்டிருக்கும். கம்பியை இறக்க இறக்கத் துணி இழுபட்டு விறைக்கும். உயர்த்தத் தொடங்கியதும் வில்லைப்போல எதிர்த்துத் தள்ளும். வெறும் உடலுடன் தூக்குபவருக்குக் கம்பி மார்பை விட்டுக் கிளம்பும் இடமே பெரிய கண்டம். சட்டைக்காரருக்கு அங்கேதான் உதவி அதிகம். எடை போதிய அளவு இல்லாவிட்டால் கம்பி மார்பைத் தொடவே தொடாது. ஸ்குவாட்டுக்கான இறுக்கமான உடையும் இதே வேலையை இடுப்புக்கும் தொடைக்கும் செய்கிறது. இவற்றைத் தனியாக மாட்டிக்கொள்ள முடியாது. பெரும்பாலும் இரண்டு பேர் பிடித்து இழுத்துவிட வேண்டும்.

எடை கீழே இறங்கும்போது துணியில் சேரும் விசைதான் மேலே ஏறும்போது திரும்பக் கிடைக்கிறது என்பதற்கு டெட்லிஃப்ட் நல்ல சாட்சி. தரையிலிருந்தே தொடங்கும் அந்த முறையில், விசையைச் சேமித்துக்கொள்ள உடைக்குப் போதிய வாய்ப்பில்லை. பிரிட்டனின் ஆண்டி போல்டன் சிறப்பு உடையுடன் 2009இல் 457.5 கிலோ தூக்கினார். ஐஸ்லாந்தின் பெனடிக்ட் மாக்னூசன் அந்த உடை இல்லாமலேயே 2011இல் 460.4 கிலோ தூக்கி அவரை மிஞ்சினார். பெஞ்ச் பிரஸ்ஸில் இப்படி ஒன்று நடக்கும் என்று இன்று யாரும் பந்தயம் கட்டமாட்டார்கள்.

உடையை ஆதரிப்பவர்களிடமும் வாதங்கள் இல்லாமல் இல்லை. எல்லோரும் அணியலாம் என்னும்போது அநீதி எங்கே வந்தது என்று கேட்கிறார்கள். விறைத்த சட்டைக்குள் கம்பியைச் சரியான பாதையில் இறக்குவது தனிக் கலை. சற்றுப் பிசகினாலும் எடை முகத்தின் பக்கமோ வயிற்றின் பக்கமோ சாயும். இதில் நியாயம் உண்டு. உடையணிந்து வெல்பவர் ஏமாற்றுக்காரர் அல்ல. விதி அனுமதித்ததைத்தான் செய்கிறார்.

உடை காயத்தைத் தடுக்கிறது என்ற வாதம்தான் இடறுகிறது. தோளுக்குக் கிடைக்கும் ஆதரவு மெய்தான். ஆனால் அந்த ஆதரவை நம்பிக் கூடுதல் எடை ஏற்றப்படுகிறது. மணிக்கட்டும் முழங்கையும் முதுகெலும்பும் அந்த முழு எடையையும் தாங்கியே ஆக வேண்டும். பாதுகாப்புக்கென வந்தது எடையைக் கூட்டும் கருவியானதும் பாதுகாப்பின் கணக்கு பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

நீச்சல் உலகமும் இதே சிக்கலைச் சந்தித்தது. 2009 ரோம் உலக சாம்பியன்ஷிப்பில் பாலியூரித்தேன் உடைகளின் புண்ணியத்தில் 43 உலக சாதனைகள் விழுந்தன. 2010 முதல் அந்த உடைகளுக்குத் தடை வந்தது. வலுதூக்கும் சம்மேளனம் தடைக்குப் போகாமல் ஏட்டை இரண்டாகப் பிரித்தது. 2012இல் உடையில்லாப் பிரிவின் சாதனைகளைத் தனியே பதியத் தொடங்கியது. 2013இல் ரஷ்யாவின் சூஸ்டாலில் முதல் கிளாசிக் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. கிளாசிக்கில் பெல்ட், மணிக்கட்டுப் பட்டி, முழங்கால் உறை ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. சட்டைக்கும் விறைப்பான ஸ்குவாட் உடைக்கும் இல்லை. பழைய பிரிவிலும் ஓரடுக்கு உடைதான் செல்லும். பல அடுக்கு உடைகளை அனுமதிக்கும் அமைப்புகள் தனியே இயங்குகின்றன.

பெல்ட்டும் உதவிதானே, எங்கே கோடு கிழிப்பது என்று கேட்கலாம். எங்கே கிழித்தாலும் சற்று வலிந்து கிழித்ததாகவே இருக்கும். ஆனால் சில கிலோ கூட்டும் உதவியையும் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் உதவியையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இந்தியாவில் இது வெறும் பட்டிமன்றப் பொருள் அல்ல. மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் வலுதூக்குதலும் இடம்பெற்றிருக்கிறது. சிறு நகரத்து உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வரும் பையனுக்கோ பெண்ணுக்கோ பதக்கம் என்பது வீட்டுக்கு வரும் மாதச் சம்பளம். சம்மேளனத்தின் ஒப்புதல் பெற்ற உடைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுத் தயாரிப்புகள், விலை ஆயிரக்கணக்கில். உடல் எடை கூடினாலோ குறைந்தாலோ வேறு அளவு வாங்க வேண்டும். மாட்டிவிட ஆள் வேண்டும், பழக்கிவிடத் தெரிந்த பயிற்சியாளர் வேண்டும். ‘எல்லோரும் அணியலாம்’ என்ற சமத்துவம் இங்கேதான் நொண்டுகிறது. அனுமதி எல்லோருக்கும் இருக்கிறது, பணம் எல்லோரிடமும் இல்லை.

தேசிய அளவில் இரு பிரிவுகளும் நடப்பதில் தவறில்லை. மாவட்டம், பள்ளி, கல்லூரி என்ற முதல் படிகளிலாவது கிளாசிக் பிரிவே முதன்மையாக இருக்க வேண்டும். சான்றிதழிலும் செய்தியிலும் எடைக்குப் பக்கத்திலேயே பிரிவின் பெயரும் இருக்க வேண்டும். வேலைக்குத் தேர்வு செய்யும் அதிகாரி இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டால், உடையில்லாமல் தூக்கியவர்தான் பலவீனராகத் தெரிவார்.

உடையில்லாமல் தூக்கினால் ஆட்டம் சுவைக்காது என்று கவலைப்படுபவர்கள் பாராலிம்பிக்கைப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான வலுதூக்குதலில் பெஞ்ச் பிரஸ் மட்டுமே உண்டு. அதில் ஆதரவுச் சட்டைக்கு அனுமதி கிடையாது. 2016 ரியோவில் ஈரானின் சியாமந்த் ரஹ்மான் 310 கிலோ தூக்கியபோதும், 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவின் சுதீர் தங்கம் வென்றபோதும், சட்டைக்கு எவ்வளவு, மனிதனுக்கு எவ்வளவு என்று கூட்டிக் கழிக்க வேண்டிய தேவையே யாருக்கும் எழவில்லை.