ரெண்டு மார்க்குக்கு அப்புறம் என்ன?

ப்ளஸ் ஒன் பிசிக்ஸில் இந்தக் கணக்கைப் போடாமல் நாம யாரும் இன்ஜினியரிங் காலேஜுக்கு வந்திருக்க மாட்டோம்: குண்டின் நிறை இவ்வளவு, வேகம் இவ்வளவு, துப்பாக்கி பின்னால் உதைக்கும் வேகம் என்ன? உந்த மாறா விதி, ஒரு வகுத்தல், விடைக்கு முன்னால் ஒரு மைனஸ். ரெண்டு மார்க். அதோட துப்பாக்கியை மறந்துட்டோம். உண்மையான இன்ஜினியரிங் அதுக்கு அப்புறம்தான் தொடங்குது என்கிறேன் நான்.

ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1911 பிஸ்டலை எடுத்துக்குவோம். ஒருமுறை சுட்டதும் காலிக் கூடு வெளியே விழணும், சுத்தியல் மறுபடி மடங்கணும், அடுத்த தோட்டா உள்ளே ஏறணும். மோட்டார் இல்லை, சென்சார் இல்லை. கையில் இருப்பது அந்த உதைப்பு மட்டும்தான்.

சிக்கல் என்னன்னா, குண்டு குழலுக்குள் இருக்கும்போது வாயு அழுத்தம் உச்சத்தில் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். அப்போது பின்பக்கம் திறந்தால் பித்தளைக் கூடு கிழிஞ்சிடும். குண்டு வெளியேறிய பிறகுதான் திறக்கணும். ஆனால் குண்டு குழலில் இருப்பதே சுமார் ஒரு மில்லி செகண்டுதான். இதை எந்தக் கடிகாரத்தை வைத்து அளப்பீங்க?

பிரவுனிங் நேரத்தை அளக்கவே இல்லை, தூரத்தை அளந்தார். குழலும் அதன் மேல் இருக்கும் ஸ்லைடும் ஆரம்பத்தில் ஒன்றாகப் பூட்டியிருக்கும், சேர்ந்தே பின்னால் நகரும். குண்டு 15 கிராம், இவை ரெண்டும் சேர்ந்து ஏறத்தாழ அரை கிலோ. ஒவ்வொரு கணமும் இருபக்க உந்தமும் சமம் என்றால், நகரும் தூரமும் அதே நிறை விகிதத்தில்தான் இருக்கும். குண்டு 11 செ.மீ. ஓடி வெளியேறும்போது ஸ்லைடு சுமார் 3 மி.மீ.தான் நகர்ந்திருக்கும். அதைத் தாண்டிய பிறகு ஒரு சின்ன இணைப்பு குழலின் பின்பகுதியைக் கீழே இழுக்கும், பூட்டு விடுபடும். ஸ்லைடு தனியாகப் பின்னால் போய், கூட்டை இழுத்து எறிந்து, ஸ்பிரிங்கை அமுக்கும். ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும்போது அடுத்த தோட்டா ஏறும். நிறை விகிதம்தான் இங்கே கடிகாரம்!

இன்னொண்ணு. குண்டின் ஆற்றல் சுமார் 470 ஜூல். அதே உந்தம் கொண்ட ஸ்லைடுக்கோ 14 ஜூல்தான். அதனால்தான் ஒரு சின்ன ஸ்பிரிங் அதைச் சமாளிக்குது.

மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தால் கைப்பிடியும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும். ஸ்லைடுக்கு முழு ஓட்டம் கிடைக்காமல் பிஸ்டல் சிக்கிக்கும். அதாவது, சுடுபவரின் கையும் அந்த மெஷினில் ஒரு பாகம். நம்ம விடைத்தாளில் அந்தக் கையை யாராவது வரைந்தோமா?

“பரீட்சைக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்பீங்க. நியாயம்தான். ஆயுதத்தை ரசிக்கவும் நான் சொல்லலை. ஆனால் “உதைப்பு வேகம் என்ன?” என்பதோடு “குண்டு வெளியேறும்போது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும்?” என்று ஒரு வரி சேர்த்தால் போதும், மனப்பாடம் செய்தவரும் யோசித்தவரும் தனியாகத் தெரிஞ்சிடுவாங்க. கேள்வித்தாள் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த கணக்கில் விடைக்குக் கீழே கோடு போட்டதும், “அப்புறம் என்ன ஆகும்?” என்று நீங்களே ஒரு கேள்வி எழுதிப் பாருங்க.