கை வைத்த இடம்

பழைய இரும்புக் கடைகளில் எடைக்குப் போடப்படும் சாமான்களுக்கு இடையே, தோல் தொழிலாளர் கையாண்ட கருவிகளைத் தேடி எடுத்துச் சீர்செய்து வைக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டுப் பதினைந்து வருஷங்களுக்கு மேலாகிறது. தச்சரின் இழைப்புளியையும் பொற்கொல்லரின் தராசையும் ஆசையோடு வாங்கிக் கூடத்து அலமாரியில் வைக்கும் குடும்பங்கள் பலவற்றை அறிவேன். செருப்புத் தைத்தவரின் குத்தூசியை அப்படி வைத்த வீடு ஒன்றையேனும் நான் கண்டதில்லை. தொழில் செய்தவரை ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம், அவர் கைக்கருவியையும் வெளியிலேயே நிறுத்திவிட்டது. அந்த வருத்தந்தான் என்னை இந்தக் காரியத்தில் இறக்கியது.

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கமலை கட்டி நீர் இறைத்த நாட்களில், நீர் முகக்கும் சாலின் அடியில் கோத்திருந்த தோல் வால் கிழிந்துபோனால், அருந்ததியர் தெருவிலிருந்து ஒருவர் வந்து, கிணற்று மேட்டில் குந்தி, அதைத் தைத்துக் கொடுத்த பிறகே மாடுகள் மறுபடி வாரிச் சரிவில் இறங்கும். ஊர் முழுவதும் உண்ட சோற்றில் அவருடைய தையலுக்கும் பங்கு இருந்தது. அதற்குக் கூலியாக அறுவடைக் காலத்தில் களத்தில் அளந்து போட்ட தானியத்தைத் துண்டில் ஏந்திக்கொண்டு அவர் திரும்பிப் போனார். மின்சார மோட்டார் வந்தது. சால் பரணுக்குப் போயிற்று; குத்தூசி பழைய இரும்புக்குப் போயிற்று.

இந்தக் குத்தூசி என்பது எத்தனை நுட்பமான பொருள் என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும். நம் நாட்டுத் தொழிலாளரின் ஊசிக்கு முனையருகே கொக்கிபோன்ற ஒரு வெட்டு உண்டு. தோலைத் துளைத்துக்கொண்டு கீழே போகும் முனை, திரும்பி வரும்போது அந்த வெட்டிலே நூலைப் பற்றிக்கொண்டு மேலே வரும். கல்யாண ரவிக்கைகளில் இன்று நம் பெண்கள் விரும்பிப் போட்டுக்கொள்ளும் ஆரி வேலை, கட்ச் பிரதேசத்து மோச்சிகள் தோல் தைத்த அந்த ஊசியிலிருந்தே பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் உண்டாகிறது. இங்கிலாந்தில் குதிரைச் சேணம் தைத்தவர்களின் ஊசி வேறு ஜாதி: அதன் அலகு உருண்டையாக இராமல் சாய்சதுரமாக இருக்கும், அது தோலில் இடுவது வட்டத் துளையன்று, ஒரு சிறு கீறல், ஆகையால் நூல் இறுகிய மாத்திரத்தில் தோல் அதைச் சுற்றி மூடிக்கொள்ளும். ஒரே நூலின் இரு நுனிகளிலும் ஊசி கோத்து, இரண்டையும் ஒரே துளை வழியாக எதிரெதிரே செலுத்தும் அவர்களுடைய தையலில், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த தையல் விடாது.

ஷெப்பீல்டு என்று முத்திரை பதித்த பிறைவடிவக் கத்தி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போன காலத்தில் இது எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்ததோ! எகிப்தில் ரெக்மிரே என்ற மந்திரியின் கல்லறைச் சுவரில், ஏறக்குறைய 3,400 வருஷங்களுக்கு முன் தீட்டிய சித்திரத்தில், தோல் வேலைக்காரர்களின் கத்தி இதே பிறை வடிவத்தில் இருக்கிறது. இத்தனை காலமும் மாற்றத் தேவைப்படாத வடிவம் அது.

சீர்செய்வதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், முதலில் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கிடைத்த, தோலைச் சீவும் கத்தி ஒன்றைத் துருப்போகத் தேய்த்து, அதன் மரப்பிடியையும் உப்புத்தாளால் மழமழவென்று இழைத்து, வார்னிஷ் பூசி, பெருந்துறைப் பக்கத்தில் இத்தொழிலிலேயே முதுமை எய்திய பெரியவர் ஒருவரிடம் பாராட்டை எதிர்பார்த்துக் காட்டினேன். அவர் அதை இரண்டு மூன்று தடவை கைக்குள் திருப்பிப் பார்த்தார்.

“இரும்பத் தேய்ச்சது சரிங்க. கட்டைய எதுக்குங்க தேய்ச்சீங்க? கை வெச்ச எடம் போயிருச்சுங்களே” என்றார்.

நாற்பது ஐம்பது வருஷம் ஒருவருடைய பெருவிரல் அழுந்தி அழுந்தி அந்த மரத்தில் உண்டாக்கியிருந்த குழிவை, ஒரு பிற்பகல் பொழுதில் நான் அழித்துவிட்டிருந்தேன். அதை எந்தத் தச்சராலும் திருப்பித் தர முடியாது.

அன்று முதல் பிடியைத் துணியால் துடைத்து ஆளிவிதை எண்ணெய் தடவுவதோடு சரி. இரும்பை மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்க்கிறேன். புளியிட்டால் சீக்கிரம் பளபளக்கும் என்பது மெய்தான். ஆனால் அந்தப் புளிப்பு துருவோடு நில்லாமல், கருமான் அடித்த முத்திரை எழுத்துக்களையும் தின்றுவிடும். மின்சாரச் சாணையை நான் கிட்டவே சேர்ப்பதில்லை. சூடு 300 டிகிரியை நெருங்கி அலகில் நீலம் பாய்ந்துவிட்டால், எஃகின் பதம் போய், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்பதில்லை. நீர்விட்டுக் கல்லில் மெல்லத் தீட்டி, கடைசியில் தோல்வாரில் இழுத்து, முனை கண்ணாடிபோல் ஆனால்தான் கத்தி தோலைப் பிய்க்காமல் வெட்டும்.

சென்ற மாதம் திண்டுக்கல்லில் சீவுகத்தி ஒன்று அகப்பட்டது. இவ்வகைக் கத்திக்குச் சரிவு ஒரு முகத்தில்தான் இருக்கும். இதிலோ அது மறுமுகத்தில் இருந்தது. தொழில் தெரியாத யாரோ தப்பாகத் தீட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று எண்ணி, பழைய சரிவை நீக்கிச் சரியான முகத்தில் புதிதாய் ஏற்றுவதற்காகக் கல்லை நனைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிடியிலிருந்த குழிவில் என் பெருவிரல் எவ்வளவு திருப்பியும் உட்காரவில்லை. சற்று யோசித்துவிட்டு, கத்தியை இடக்கைக்கு மாற்றினேன்.

விரல் அளவெடுத்தாற்போல் பொருந்தியது. பிறகு அந்த முகத்திலேயே, அவர் வைத்த சரிவிலேயே, தீட்டத் தொடங்கினேன்.